அவாங் அப்பாவின் மகன்

நம்ம ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பன் பெயர்தான் வால். மகனுக்கு அப்பன் பெயர், பேரனுக்கு மகன் பெயர் என்று தலைமுறைக்குத் தலைமுறை பழைய வால் அறுந்து புது வால் முளைக்கும். ஜொகூர் பாருவில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீனர் அப்படியில்லை. தாத்தாவும் டான், மகனும் டான், போன மாதம் பிறந்த குழந்தையும் டான். அந்த ஒரு சொல் எத்தனையோ வருஷமாக அந்த வீட்டில் வாடகையில்லாமல் குடியிருக்கிறது.

என் மூத்த மகன் கனகராஜின் வால் மட்டும் ஊரில் யாருக்கும் இல்லாத வால். அவன் அடையாள அட்டையில் கனகராஜ், அவாங் அப்பாவின் மகன் என்று இருக்கிறது. அவாங் என்பது மலாய்க்காரர்கள் வைக்கிற பெயர். எங்கள் குடும்பத்தில் மலாய்க்காரர் யாரும் இல்லை. என் கணவர் பெயரும் அவாங் இல்லை.

அவர் பெயர் என்ன என்று இதில் தேட வேண்டாம். நான் சொல்லப் போவதில்லை. கட்டிய நாளிலிருந்து என் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லி அனுப்பினாள், நானும் கேட்டுக்கொண்டேன். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால், ‘சாமி பேருக்கே பண்ணுங்க’ என்பேன். பழனியில் கோவணத்தோடு நிற்கிறாரே, அவருடைய பெயர்களில் ஒன்று. அவ்வளவு போதும். யோங் பெங்குக்கு உள்ளே இருந்த எங்கள் தோட்டத்தில் அந்தப் பெயரில் நாலு பேர் இருந்தார்கள். நெட்டை, மீசை, லோரி, பால்காரர் என்று அடைமொழி போட்டுத்தான் கூப்பிட வேண்டும். லோரி ஓட்டுகிறவர் என்பதால் என் கணவர் லோரி. மீசைக்காரர் வாசலில் வந்து நின்றால் நான் உள்ளே போய், ‘உங்க பேர்க்காரர் வந்திருக்காரு’ என்று சொல்லுவேன். அப்படிப்பட்ட சாதாரணப் பெயர் அது. தெருவில் நின்று கத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த நாலில் ஒருவர் பெற்ற பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது இந்த அவாங் அப்பா என்று எல்லோரும் கேட்டார்கள். முதலில் கேட்டவர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து அர்ச்சுனன் வாத்தியார். கனகராஜை முதலாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது பிறப்புப் பத்திரத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“இது யாரோட பத்திரம்மா?”

“இவனோடதுதான் சார்.”

“அப்பா பேரு அவாங்குன்னு போட்டிருக்கே. கூடவே ஒரு அப்பா வேற. பதிவு பண்ண கிராணி தூங்கிட்டு எழுதினானா?”

மறுநாள் என் கணவர் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஆபீஸ் எழுத்தன், அந்தக் கிராணி, தப்பாக எழுதிவிட்டான் என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து அதுவே கதையாகிவிட்டது. கிராணி தப்பு. யார் கேட்டாலும் கிராணி தப்பு.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அவன் அவாங் ஆனான். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் அவாங். “அவாங், மரத்துல ஏறுடா.” “அவாங், உங்கப்பாவோட மலாய்த் தொப்பி எங்கடா?” கனகராஜ் சிரிக்கிற பிள்ளை, அதனால் வலித்ததா இல்லையா என்று தெரியாது. பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு லோரியில் ஏறினான். அப்பாவோடு மெர்சிங் வரைக்கும் போய் மீன் ஏற்றி வருவான். பிறகு சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. இருபத்தாறு வருஷம் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போய், பொழுது சாய்ந்து திரும்புவான். அங்கேயும் அவாங்தான். எந்தக் கவுண்டரில் நின்றாலும் பெயரைப் படிக்கிறவர் மலாயில் விறுவிறுவென்று பேச ஆரம்பித்து, தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்துவார். இதெல்லாம் அவன் வீட்டில் வந்து சிரிப்பாகச் சொல்லுகிற கதைகள்.

சொல்லாத கதை ஒன்று உண்டு. அவனுக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் தங்கராஜு என்கிற பையன், “யாருடா அந்த அவாங்? உங்கம்மாகிட்ட எப்பவாச்சும் கேட்டியா?” என்று கேட்டானாம். தங்கராஜுக்கு முன்பல் போயிற்று. கனகராஜ் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்றான். யாரோ சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கணவர் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். உடம்பை வாங்கக் கனகராஜ் தனியாகத்தான் போனான். அங்கே இருந்த பெண் நல்ல மாதிரியாகத்தான் கேட்டிருக்கிறாள். இறந்தவர் பெயர் ஒன்று, உங்கள் அட்டையில் அப்பா பெயர் வேறொன்று, நீங்கள் அவருக்கு என்ன முறை என்று. மகன் என்றான். அதற்கு ஏதாவது காகிதம் இருக்கிறதா என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, யாராக இருந்தாலும் கேட்பார்கள். நான் கல்யாணப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பேத்தியின் காரில் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. அதுவரை கனகராஜ் அந்தக் கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

“உள்ள எங்கப்பா படுத்திருக்காரு. நான் அவரு புள்ளதான்னு சொல்ல எனக்கு ஒரு சாட்சி வேணுமாம்மா” என்றான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலாமென்று இருந்திருக்கும்.

முப்பது நாள் காரியம் முடிந்ததும் அவன் ஆரம்பித்துவிட்டான். பெயரை மாற்ற வேண்டும். சாகிறதுக்குள் என் அட்டையில் என் அப்பா பெயர் இருக்க வேண்டும். அலைந்து திரிந்து எல்லாம் சேர்த்தான். கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி. பெற்ற தாய் சத்தியம் செய்து ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். சத்தியம் வாங்குகிறவர் முன்னால் உட்கார்ந்து, கணவர் பெயர் இன்னது என்று வாயால் சொல்ல வேண்டும்.

“எழுதிக் கொண்டா. கைநாட்டு வைக்கிறேன்” என்றேன்.

“வாயால சொல்லணும்மா. சத்தியம்லா.”

“சொல்ல மாட்டேன்.”

“ஆயுசு குறையும்னுதானே பயந்தே. அதான் போயிட்டாரே. இனிமே எது குறையப் போவுது?”

“போனவரை இன்னும் தள்ளி அனுப்பணுமா?”

பேத்தி தேன்மொழி சிங்கப்பூரில் ஆபீஸ் வேலை பார்க்கிறவள். அவள் பக்கத்திலிருந்து, “பாட்டி, என் கூட்டாளி அவ புருஷன ‘டேய்’னுதான் கூப்பிடுறா. அவரு நல்லா குண்டாத்தான் இருக்காரு” என்றாள்.

“உன் கூட்டாளிய வந்து சத்தியம் பண்ணச் சொல்லு.”

ஒரு வருஷம் இப்படியே போயிற்று. கனகராஜ் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். சோறு போட்டால் சாப்பிடுவான், மருந்து தீர்ந்தால் வாங்கி வருவான். பேச்சு மட்டும் இல்லை. ஒருநாள் காலையில் நானே புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். “வா, போலாம்” என்றேன். சொல்லப் போகிறேனா என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

சத்தியம் வாங்குகிறவர் பெயர் லூயிஸ். தமிழர், வேதக்காரர், எழுபது வயதிருக்கும். கடைக்கு மேலே மாடியில் ஒரு அறை. அவர் மனைவி சூசன்தான் தட்டெழுத்து. நாங்கள் உட்கார்ந்ததுமே அந்த அம்மா, “லூயிஸ், மை டப்பா எங்க வச்சீங்க?” என்று சத்தமாகக் கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. டிராயரில் இருக்கிறது என்றார்.

காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

“சொல்லுங்கம்மா. உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?”

“அதுல இருக்குங்களே.”

“இருக்கு. ஆனா நான் சொல்லக் கூடாது. நீங்கதான் சொல்லணும்.”

“நானும் சொல்லக் கூடாதுங்க.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். புரிந்திருக்கும். அவர் பாட்டியும் ஒரு காலத்தில் எங்களைப் போல இருந்தவளாகத்தானே இருப்பாள்.

“சரி, அதைக் கடைசியில பாத்துக்கலாம். முதல்ல இதுல எழுதியிருக்கறதப் படிக்கிறேன், சரியான்னு சொல்லுங்க.” மலாயில் இருந்ததைத் தமிழில் சொன்னார். என் மகன் கனகராஜ் பிறந்ததைப் பதிவு செய்தபோது, பதிவு செய்த எழுத்தர் செய்த தவற்றினால் அவன் தகப்பன் பெயர் அவாங் அப்பா என்று பிழையாக எழுதப்பட்டுவிட்டது. இது உண்மை என்று சத்தியமாகச் சொல்கிறேன். “சரிதானேம்மா?”

கனகராஜ், “சரிதான் சார். அந்தக் காலத்துக் கிராணி. தமிழ் காது கேக்காது அவனுங்களுக்கு” என்றான்.

என்னால் முடியவில்லை. லயத்தில் சொல்லிவிடலாம், பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடலாம். சத்தியம் என்று வந்து உட்கார்ந்துவிட்டு எப்படிச் சொல்வது. பேர் தெரியாத ஒரு பையன் தலையில், அவன் இன்று உயிரோடு இருக்கிறானோ இல்லையோ, நான் செய்ததை வைத்துச் சத்தியம் பண்ணுவதா.

“அது பொய்ங்க” என்றேன்.

தட்டெழுத்துச் சத்தம் நின்றது.

“எது பொய்?” என்று கனகராஜ் கேட்டான்.

“கிராணி தப்புப் பண்ணலை.”

பிறகு சொன்னேன். அவன் பிறந்து நாற்பத்திரண்டாம் நாள். அவருக்குக் கால் எலும்பு முறிந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். பதிய வேண்டிய நாள் தாண்டிவிட்டது, உடனே போய்ப் பதியச் சொல்லி அங்கிருந்தவர்கள் விரட்டினார்கள். பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு நான் மட்டும் பஸ் ஏறினேன். எனக்குப் பதினெட்டு வயது. கிராணி சின்னப் பையன், மலாய்க்காரன், மரியாதையானவன். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். பிள்ளை பெயர் கேட்டான், சொன்னேன். என் பெயர் கேட்டான், காளியம்மா என்றேன். அப்புறம், “நாமா பாபா?” என்றான். அப்பா பெயர் என்ன என்று கேட்கிறான். அந்த அளவு மலாய் எனக்குத் தெரியும்.

‘அவங்கப்பா பேரை நான் சொல்லக் கூடாது, வேற யாரையாவது கூட்டிட்டு வர்றேன்’ என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன். “அவங்கப்பா...” என்பதோடு நின்றுவிட்டேன். அவன் “அவாங்?” என்று கேட்டுக்கொண்டே முதல் சொல்லை எழுதிவிட்டான். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “அவாங் அப்பா?” என்றான். மலாயில் அப்பா என்று காதில் விழுகிற சொல்லுக்கு ‘என்ன’ என்று அர்த்தம். அவாங் என்ன, முழுப் பெயரைச் சொல்லு என்று கேட்டிருக்கிறான். எனக்கோ நான் சொன்னதையே அவன் திருப்பிச் சொல்வது போலக் கேட்டது. “ஆமா, அவங்கப்பா” என்று தலையாட்டினேன். எழுதி முத்திரை குத்திக் கொடுத்தான்.

“பேரைத்தான் கேட்டான்னு எனக்குத் தெரியும். பேரை நான் சொல்லலைன்னும் தெரியும். அவன் என்ன எழுதினான்னு கேக்காம பத்திரத்த வாங்கிட்டு ஓடி வந்துட்டேன். அவன் தப்பு என்ன இருக்கு? நான் சொன்னதத்தான் எழுதினான்.”

லூயிஸ் சார் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. கனகராஜ் சிரிக்கவில்லை.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும். அர்ச்சுனன் வாத்தியார் படிச்ச அன்னைக்கே சொல்லிட்டேன்.”

“தெரிஞ்சுமா கிராணி மேல போட்டாரு?”

“ம்.”

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கீழே இறங்கிப் போய்விட்டான். சூசன் அம்மா எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டு தலைக்கவசத்தைக் கையில் பிடித்து அதன் பட்டையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான். அறுபதை நெருங்குகிற ஆள். அந்த முன்பல் அவன் ஞாபகத்துக்கு வந்திருக்கும். ஆஸ்பத்திரி நாற்காலி வந்திருக்கும். ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்க வேண்டியதை நான் ஐம்பத்தெட்டு வருஷம் இழுத்துவிட்டேன்.

வாத்தியார் கேட்ட அன்றைக்கு லயத்தில் என் கணவரிடம் சொன்னபோது அவர் முதலில் சிரித்துப் புரண்டார். பிறகு யோசித்தார். திருத்தப் போனால் உன்னை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள், நீ பெயரைச் சொல்லவும் மாட்டாய், ஊர் சிரிக்கும், வேண்டாம் என்றார். ‘என் பேருல இங்கயே நாலு பேரு இருக்கோம். இந்தப் பேரு ஒருத்தனுக்குத்தான். இருந்துட்டுப் போவட்டும்’ என்றார். பெற்ற மகனின் காகிதத்தில் தன் பெயர் இல்லாமலே போனாலும் பரவாயில்லை என்று விட்டவர் அவர். இதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

மைலோ ஆறிப்போன பிறகு கனகராஜ் மேலே வந்தான். உட்காரவில்லை.

“அப்பாவ நீ எப்பவுமே அவங்கப்பான்னுதான் சொல்லுவியா?”

“கூப்பிடறது ‘என்னங்க’. மத்தவங்ககிட்டச் சொன்னா அவங்கப்பா.”

“கட்டுனதுலேர்ந்தா?”

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் நினைத்துப் பார்த்ததில்லை. “இல்லடா. மொதல்ல ‘அவரு’ன்னுதான் சொல்லுவேன். நீ பொறந்தப்புறந்தான் அவங்கப்பா. நீ இல்லாட்டி யாரோட அப்பான்னு சொல்றது?”

லூயிஸ் சார் பேனாவைக் கீழே வைத்தார். “கனகராஜ், உங்க பத்திரத்துல என்ன எழுதியிருக்கு தெரியுமா? பிள்ளை பேரு கனகராஜ். தகப்பன் பேரு, கனகராஜோட அப்பா. நானும் முப்பது வருசமா இந்த வேலை பாக்கறேன். இவ்வளவு சரியா எழுதின பத்திரம் பாத்ததில்ல.”

இந்தத் தடவை கனகராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் கண்ணும் நனைந்துவிட்டது. கைக்குட்டையைத் தேடினான், இல்லை. என் முந்தானையை இழுத்துத் துடைத்துக்கொண்டான். அவன் அதைச் செய்து எத்தனை காலம் ஆகியிருக்கும்.

லூயிஸ் சார் பழைய காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினார். எழுத்தர் தவறு என்கிற பேச்சே அதில் இல்லை. அவாங் அப்பா என்பது நான் என் கணவரைக் குறிக்கச் சொன்ன சொல். அந்தச் சொல் குறிப்பது கூடவே வைத்திருக்கும் இறப்புப் பத்திரத்தில் உள்ளவரை. கனகராஜ் அவருக்கும் எனக்கும் பிறந்த மகன். படித்துக் காட்டினார். இறப்புப் பத்திரத்தில் இருந்த பெயரின் மேல் விரலை வைத்து, “இவருதானேம்மா?” என்றார். “அவங்கப்பாதாங்க. சத்தியமா” என்றேன். அது போதும் என்றார். கைநாட்டு வைத்தேன். பெயரைச் சொல்லவில்லை. சூசன் அம்மா ஈரத் துணி கொடுத்து, “லூயிஸ், எழுந்து அவங்களுக்கு வழி விடுங்க” என்றது. இந்தத் தடவை எனக்குத் தூக்கிவாரிப் போடவில்லை.

அடுத்த வாரம் பெயர் மாற்றுகிற ஆபீசுக்குப் போனோம். எண் வரக் காத்திருந்தோம். கனகராஜ் மடியில் கோப்பு, அதற்குள் நிரப்பி வைத்த விண்ணப்பப் பாரம். தேன்மொழி போனைப் பார்த்தபடி, உலகம் முழுக்கத் தேடினேன் பாட்டி, அவாங் அப்பாவென்று வேறு ஒருவர்கூட அகப்படவில்லை, டான் மட்டும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள் என்றாள். அவன் கேட்டுக்கொண்டான்.

எண் வந்தது. கவுண்டரில் ஒரு சின்னப் பெண், தலையில் முக்காடு, நல்ல சிரித்த முகம். அட்டையை வாங்கிப் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள். “அவாங் அப்பா?” என்று கேட்டாள். ஆயிரம் பேர் கேட்ட அதே கேள்வி. அவன் இதற்குப் பதில் சொல்லும்போது எப்போதும் கிராணியைத் திட்டிக்கொண்டேதான் ஆரம்பிப்பான்.

“ஆமா, அவங்கப்பா” என்றான். தமிழில் சொன்னான். அன்றைக்கு நான் சொன்ன மாதிரியே தலையையும் ஆட்டினான்.

என்ன வேலையாக வந்தீர்கள் என்று அவள் கேட்டாள். அவன் பாரத்தைக் கோப்புக்குள் திரும்பச் செருகினான். அட்டையில் ஓரம் தேய்ந்துவிட்டது, அதை மாற்றிக் கொடுக்க முடியுமா, பெயர் அப்படியே இருக்கட்டும் என்று மலாயில் சொன்னான்.

லூயிஸ் சார் கொடுத்த கடிதத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரியில் வைத்திருக்கிறான். நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால் அதைக் காட்டி அவன்தான் என் உடம்பை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றான். சரி என்றேன்.